ராயக்கோட்டையில் கிராசிங்

ஒற்றைத் தண்டவாளம் இது.
எதிர் வண்டி கடந்து போகும்வரை
ராயக்கோட்டையில் நிற்கும் எங்கள் பாசஞ்சர்.
சில நாள் நான்கு நிமிடம், சில நாள் இருபது.
அறிவிப்பு எதுவும் வராது.
ஓசூரில் ஏறியவர்கள் இறங்கிக் காலை நீட்டுவார்கள்.
தக்காளிக்காரர் தன் பெட்டிகளை எண்ணுவார்.
நான் மடியில் பையை வைத்துக்கொண்டு
அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

போன மாசியில்
மாங்கூழைத் தெளிய வைக்கும் நொதி ஒன்றைக்
காவேரிப்பட்டணத்துத் தொழிற்சாலை கேட்டது.
குறிப்பு பூஞ்சையினுடையது.
சமைக்கப் போவது பாக்டீரியா.
அப்படியே கொடுத்தால் திக்கித் திக்கிப் படிக்கும் என்று
முனிரத்தினம் சார் மாற்றி எழுதச் சொன்னார்.

எழுதுவது சுலபம்.
மூன்றெழுத்து, ஒரு சொல்.
லியூசின் என்ற ஒரே பொருளுக்கு ஆறு சொற்கள்.
சி-டி-ஜி என்றால் ரைபோசோம் ஓடும்,
அதற்குச் சுமை தூக்கி வர ஆள் ஏராளம்.
சி-டி-ஏ என்றால் நிற்கும்,
அந்தச் சுமையாள் எப்போதாவதுதான் வருவான்.
அரிய சொற்களையெல்லாம் அடித்தேன்.
நானூற்றுப் பத்துச் சொல் நீளத்துக்கு
ஒரு வேகத்தடை மிச்சமில்லை.
பொருள் மாறியதா என்று கணினியைக் கேட்டேன்.
நூற்றுக்கு நூறு அதேதான் என்றது.

புரதம் குவிந்தது.
குவிந்தது என்றால், குழாயின் அடியில்
சுண்ணாம்பு போல வெள்ளையாய், கெட்டியாய்.
கூழில் கலந்தோம்.
கூழ் கூழாகவே இருந்தது.
நாகவேணி குழாயைத் தட்டிப் பார்த்தாள்:
"கொதிக்கிற உலையில ராகி மாவ
ஒரேயடியா கொட்டிட்டீங்கக்கா.
வெளிய கட்டி, உள்ள பச்சை மாவு."

பூஞ்சையின் பழைய வரியை மறுபடி படித்தேன்.
புரதத்தின் முன்பாதி முடிந்து
முப்பது சொல் தள்ளி
ஏழு அரிய சொற்கள் நெருக்கியடித்து நின்றன.
பிழை என்று நான் அடித்த ஏழு.
முன்பாதி வெளியே வந்து
தன்னைத் தானே மடித்துக்கொள்ளும்வரை
பின்பாதியைக் கதவோரம் நிறுத்தி வைத்திருந்த ஏழு.

மடி.
துணியை மடிப்பது அது. பிள்ளை படுக்கும் இடம் அது.
சோம்பல் அது. சாவதும் அதுதான்.
ஒரே சொல்லுக்குள் இத்தனையைத் திணித்தவர்கள் நாம்.
செல் தலைகீழாய்ச் செய்திருக்கிறது,
ஒரு பொருளுக்கு ஆறு சொல்.
அகராதியில் அகப்படாத ஏதோ ஒன்றை
அது தாமதத்தில் எழுதி வைக்கிறது.

ஏழையும் திருப்பி வைத்தேன்.
பூஞ்சைக்கு மெதுவான சொற்களை அல்ல,
பாக்டீரியாவுக்கு எது மெதுவோ அவற்றைத் தேடி.
விளைச்சல் மூன்றில் ஒன்றாய் இறங்கியது.
சார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.
சனிக்கிழமை சாயங்காலம்
குடுவையிலிருந்த பெங்களூராக் கூழ்
மெல்ல அடியில் இறங்க,
மேலே தேன் நிறத்தில் தெளிந்தது.
குடுவைக்குப் பின்னால் நாகவேணியின் விரல்கள் தெரிந்தன,
நகப்பூச்சு உதிர்ந்த இடம் உட்பட.
அறிக்கையின் முதல் வரி மட்டும்
விளைச்சல் குறைந்ததைத்தான் சொல்கிறது.

காலையில் சேலத்திலிருந்து வந்த செய்தி
கைபேசியில் இன்னும் திறந்தபடி இருக்கிறது:
"லீவு முழுக்க பையன் என்னோட இருக்கட்டுமா?"

"சரி" என்று அடித்தேன். அழித்தேன்.
"ம்". அதையும் அழித்தேன்.
"ஆகட்டும்" வேண்டாம்,
குடும்ப நீதிமன்றத்தில் நான் சொன்னது அதுதான்.
கணினியிடம் கொடுத்தால்
மூன்றும் ஒன்று, நூற்றுக்கு நூறு என்னும்.
படிக்கப் போகிறவரை எனக்குத் தெரியும்.

மாரண்டஅள்ளிப் பக்கமிருந்து
எதிர் வண்டியின் வெளிச்சம்
தண்டவாளத்தில் நீளமாய் விழுகிறது.
இன்னும் நான் ஒன்றும் எழுதவில்லை.
தக்காளிக்காரர் மறுபடி எண்ணுகிறார்,
ஒவ்வொரு பெட்டியையும் தொட்டு.
ஓசூரில் பதினேழு என்றிருந்தார்.
பதினெட்டு.